அறை வாடகையைக் குறைப்பது: கவுண்டரில் போய் நின்றால் போதுமா?

கேள்வி, ஜூன் 2, மாலை

"ஆன்லைனில் ஹோட்டல் புக் செய்கிறவர்கள் பணத்தைத் தண்ணீராய் விடுகிறார்கள். ராத்திரி காலியாகக் கிடக்கும் அறையால் ஹோட்டலுக்கு ஒரு பைசா வராது. மாலை ஏழு மணிக்கு மேல் நேரே கவுண்டரில் போய் நின்று பேசினால் பாதி விலைக்கு இறங்கி வருவார்கள். இவ்வளவு எளிய விஷயத்துக்கு எதற்கு இத்தனை ஆப், இத்தனை கூப்பன்? மறுப்பவர்கள் காரணம் சொல்லவும்."

ஜூன் 2, இரவு

பாதி சரி. இன்றிரவு விற்காத அறையை நாளைக்கு இரண்டாக விற்க முடியாது. அதுவரை கணக்கு பிசகவில்லை. ஆனால் கவுண்டரில் நிற்பவருக்கும் அந்தக் கணக்கு தெரியும், உங்கள் கையில் இருக்கும் பெட்டியும் அவர் கண்ணில் படும். இருட்டிய பிறகு பெட்டியோடு வந்து நிற்பவர் அவ்வளவு சுலபமாக வேறு இடம் தேடிப் போகமாட்டார். கவுண்டரில் இருப்பவருக்கு ஓர் அறை போனால் போனதுதான், உங்களுக்கோ படுக்க இடமே இல்லை. யாருக்கு அவசரம் அதிகம்?

இன்னொன்று, பல ஊர்களில் ஒரே பெயரில் நடக்கும் பெரிய சங்கிலி ஹோட்டல்களில் கவுண்டரில் இருப்பவர் விலையைத் தீர்மானிப்பதில்லை. திரையில் அன்றைக்கான ரேட் நாலைந்து இருக்கும். அதில் எதைக் கொடுக்கலாம் என்பதோடு அவர் அதிகாரம் முடிந்துவிடும். முன்பதிவு இல்லாமல் வருபவருக்கு முதலில் சொல்வது பெரும்பாலும் அந்தப் பட்டியலின் மேல் வரிசையைத்தான். ஒருமுறை கவுண்டர் முன்னால் நின்றபடியே போனில் அதே ஹோட்டலின் விலையைப் பார்த்தேன். அவர் வாயால் சொன்னதைவிடக் குறைவு. காட்டினேன். "அதிலேயே போட்டுக்கொள்ளுங்கள் சார், எனக்கு இங்கே மாற்ற முடியாது" என்றார். எதிரே கிடந்த சோபாவில் உட்கார்ந்து புக் செய்துவிட்டு, எழுந்து போய்ச் சாவி வாங்கினேன். இருவருமே சிரித்துக்கொண்டோம்.

உங்கள் வழி பலிக்கும் இடம் உண்டு. முதலாளியே கல்லாவில் உட்காரும் சிறிய விடுதி, சீசன் இல்லாத நேரம், நடந்து போகும் தூரத்தில் இன்னொரு விடுதி. மூன்றும் சேர்ந்து அமைந்தால் பேரம் படியும்.

ஜூன் 3, காலை

நேற்று எழுதியதற்கு அடிப்படையைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

ஹோட்டல் விற்பது அறையை மட்டுமல்ல, அதனோடு ஒட்டிய நிபந்தனைகளையும். எந்த நாள், எத்தனை இரவு, எவ்வளவு முன்னால் பதிகிறீர்கள், ரத்து செய்தால் பணம் திரும்புமா, யார் மூலமாக வருகிறீர்கள், எப்போது பணம் கட்டுகிறீர்கள். அதே கட்டில், அதே ஜன்னல், விலை மட்டும் எட்டு. 1980களில் அமெரிக்க விமான நிறுவனங்கள் இருக்கைகளை இப்படி விற்க ஆரம்பித்தன. மாரியட் போன்ற ஹோட்டல் நிறுவனங்கள் அதைப் பார்த்து அறைக்குக் கொண்டுவந்தன. இப்போது அதற்கென்றே மென்பொருள் இருக்கிறது, அதைக் கவனிக்கவென்றே ஒரு மேனேஜரும் இருக்கிறார்.

அந்த மேனேஜர் பார்க்கும் எண்ணுக்கு ரெவ்பார் என்று பெயர். மொத்த அறை வருமானத்தை இருக்கிற எல்லா அறைகளாலும் வகுத்தால் வருவது. 100 அறை உள்ள ஹோட்டலில் 60 அறை தலா 100க்குப் போனால் 6,000. 80 அறை தலா 75க்குப் போனாலும் 6,000. ரெவ்பார் இரண்டிலும் 60தான். ஆனால் இரண்டாவது வழியில் இருபது அறையைக் கூடுதலாகத் துடைக்க வேண்டும், துண்டு துவைக்க வேண்டும், ஏசி ஓடும். அப்படியிருக்க, கேள்வி கேட்டவர் நினைப்பதுபோல அறை காலியாக இருந்தால் எவரும் பதறிப்போய் விலையை இறக்குவதில்லை. காலியாகவே விடுவது சில நாட்களில் அவர்களுக்கு லாபம்.

ஜூன் 3, மதியம்

எந்த நாள் மலிவு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஹோட்டலுக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது. அலுவலக வேலையாக வருபவர்கள் தங்கும் ஹோட்டலில் வார நடுவில் விலை ஏறும், சனி ஞாயிறில் இறங்கும். கடற்கரை, மலை, கோயில் பக்கம் இதற்கு நேர்மாறு. இரண்டு கூட்டமும் இல்லாத இரவு ஞாயிறு. சுற்றுலா வந்தவர்கள் கிளம்பியிருப்பார்கள், அலுவலக வேலையாக வருபவர்கள் இன்னும் வந்திருக்கமாட்டார்கள். பயணத்தை ஒருநாள் நகர்த்த முடியுமானால் ஞாயிறு இரவை உள்ளே கொண்டுவாருங்கள். எந்தக் கூப்பனும் இதற்கு ஈடாகாது.

ஜூன் 5, இரவு

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். பேரத்தில் உங்கள் பலம் காலி அறை அல்ல, கமிஷன்.

முன்பதிவுத் தளம் வழியாக நீங்கள் அறை எடுத்தால் ஹோட்டல் அந்தத் தளத்துக்கு ஒரு பங்கு கொடுக்கிறது. பொதுவாக 15 முதல் 25 சதவீதம். 18 என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் 100 கட்டினால் ஹோட்டலுக்குச் சேர்வது 82. அதே அறையை ஹோட்டல் உங்களுக்கு நேரடியாக 92க்குக் கொடுத்தால் உங்களுக்கு 8 மிச்சம், அவர்களுக்கு 10 கூடுதல். இருவரும் ஜெயிக்கிற பேரம் உலகத்தில் அபூர்வம், இது அதில் ஒன்று. காலி அறையைக் காட்டிப் பேசும்போது அவர்களுடைய நஷ்டத்தைச் சுட்டிக்காட்டுகிறீர்கள், எவருக்கும் அது பிடிப்பதில்லை. கமிஷனைக் காட்டிப் பேசும்போது லாபத்தைச் சுட்டிக்காட்டுகிறீர்கள்.

அப்படியானால் ஏன் எல்லா ஹோட்டலும் தன் இணையதளத்தில் 92 என்று போடுவதில்லை? தளங்களோடு போட்ட ஒப்பந்தம் அதற்கு இடம் தருவதில்லை. எங்கள் தளத்தில் உள்ளதைவிடக் குறைவாக வேறெங்கும் விளம்பரப்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. ஜெர்மனியின் போட்டித் துறை (வியாபாரத்தில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் அரசு அமைப்பு) எச்ஆர்எஸ் என்ற தளத்தின் இந்த நிபந்தனையை 2013இல் தடை செய்தது. பிரான்ஸ் 2015இலும் இத்தாலி 2017இலும் சட்டமே போட்டு நீக்கின. 2024இல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி முழுக்க புக்கிங்.காம் தன் ஒப்பந்தத்திலிருந்து இதை எடுத்துவிட்டது. இந்தியாவில் இதையும் ஒரு காரணமாகச் சொல்லி மேக்மைட்ரிப்-கோஐபிபோ மீது போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனாலும் உலகம் முழுக்க இது ஒழிந்துவிடவில்லை.

இந்தக் கட்டுப்பாடு எல்லார் கண்ணிலும் படும் விலைக்குத்தான். போனில் உங்கள் ஒருவருக்குச் சொல்லும் விலையும், உறுப்பினராகச் சேர்ந்தவருக்கு மட்டும் தெரியும் விலையும் பெரும்பாலும் அதில் அடங்காது. ஹில்டனும் மாரியட்டும் 2016இல் "எங்களிடமே நேரடியாகப் பதியுங்கள்" என்று பெரிய அளவில் விளம்பரம் செய்து உறுப்பினர் விலையைக் கொண்டுவந்ததன் பின்னணி இதுதான். உறுப்பினராவது இலவசம். ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். அப்புறம் வாரம் இரண்டு விளம்பரக் கடிதம் வரும், அது தனிச் சோகம்.

ஜூன் 6, காலை

"சரி, போனில் என்ன பேசுவது?" நான் செய்வது இது.

முதலில் தளத்தில் விலை பார்த்துவிடுவேன். வரி எல்லாம் சேர்ந்த கடைசித் தொகை, ரத்து நிபந்தனை, காலை உணவு உண்டா இல்லையா, மூன்றையும் குறித்துக்கொள்வேன். பிறகு அந்த ஹோட்டலின் சொந்த எண்ணுக்கு அழைப்பேன். சங்கிலி ஹோட்டல் என்றால் இலவச எண் வேண்டாம், அது எங்கோ இருக்கும் கால் சென்டருக்குப் போகும். அங்கே இருப்பவருக்கும் உங்களுக்கும் ஒரே திரை, ஒரே விலை. ரிசர்வேஷன் பார்ப்பவரையோ டூட்டி மேனேஜரையோ கேளுங்கள். வார நாளில் பிற்பகல் நல்லது. காலை பதினொன்று செக்-அவுட் நெரிசல், மாலை செக்-இன் நெரிசல். அப்போது எவருக்கும் உங்கள் கதையைக் கேட்கப் பொறுமை இருக்காது.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். "இந்தத் தேதிக்கு உங்கள் ஹோட்டலில் தங்கப் போகிறேன். தளத்தில் இவ்வளவு காட்டுகிறது. உங்களிடமே நேரடியாகப் போட்டால் என்ன செய்து தருவீர்கள்?" இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். "எவ்வளவு குறைப்பீர்கள்" என்று கேட்காதீர்கள். விலையில் கை வைக்க அவருக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், ஆனால் காலை உணவு, மாலை வரை அறையை வைத்துக்கொள்வது, ஒரு படி மேலான அறை, வாகன நிறுத்தக் கட்டணம் இதெல்லாம் அவர் கையில் இருக்கும். தன் கையில் இருப்பதை எடுத்துக் கொடுக்க அவருக்கு வழி விடுங்கள்.

நான் கேட்டதில் அதிகம் பலித்தது செக்-அவுட் நேரம்தான். இரவு ரயிலுக்கு மாலை ஐந்துவரை அறை கிடைப்பது எனக்கு அரை நாள் வாடகைக்குச் சமம். அவர்களுக்கோ அன்றைக்கு அடுத்த ஆள் வராவிட்டால் செலவே இல்லை.

ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலிலோ வாட்ஸப்பிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசியவர் நீங்கள் போகும் நாளில் விடுப்பில் இருப்பார். நான் பார்த்தவரை தவறாமல் இருப்பார்.

ஜூன் 6, இரவு

ஒருவர் உடனே அழைத்துப் பார்த்திருக்கிறார். "எங்கள் ஆன்லைன் விலையே இறுதி" என்று சொல்லிவிட்டார்களாம். ஊரே நிரம்பும் நாளாக இருக்கும், அல்லது அழைப்பை எடுத்தவருக்கு அதிகாரம் இருந்திருக்காது. மறுநாள் வேறு ஆள் எடுப்பார். அப்போதும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தளத்திலேயே போடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. பேரம் பேசுவதை மானப் பிரச்சினையாக்கிக்கொண்டு விடுமுறையின் முதல் நாளையே கடுகடுப்போடு தொடங்குகிற நண்பர்கள் எனக்கு உண்டு.

ஜூன் 8

விலை ஒப்பிடும் பத்துத் தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு சரிபார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல். புக்கிங்.காம், அகோடா, பிரைஸ்லைன், கயாக் நான்கும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருப்பவை. எக்ஸ்பீடியா, ஹோட்டல்ஸ்.காம், ஆர்பிட்ஸ், டிராவலோசிட்டி இன்னொரு நிறுவனத்தின் கீழ். ட்ரிவாகோவில் பெரும்பங்கும் அந்த இரண்டாவதுக்கே. பத்துக் கடை ஏறி இறங்கிய களைப்பு உங்களுக்கு, கடை முதலாளி இரண்டே பேர்.

ஒப்பிடும் தளம் என்றால் மலிவானதைத்தான் மேலே காட்டும் என்று நம்பாதீர்கள். ட்ரிவாகோ அதிகக் கட்டணம் கொடுக்கும் தளங்களின் விலையை முன்னிறுத்தியது என்று ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. அங்குள்ள நீதிமன்றம் 2022இல் 44.7 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. "சிறந்த விலை" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பட்டியலைக் கீழே வரை இழுத்துப் பாருங்கள்.

"ஒரே அறைதான் மீதி", "இப்போது 14 பேர் பார்க்கிறார்கள்" இவையும் அப்படித்தான். பிரிட்டனின் போட்டித் துறை தலையிட்ட பிறகு 2019இல் ஆறு தளங்கள் இந்த மாதிரி அவசரப்படுத்தும் வாசகங்களை மாற்ற ஒப்புக்கொண்டன. ஒரே அறை மீதி என்பது பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. அந்தத் தளத்துக்கு ஒதுக்கியதில் ஒன்று மீதி என்பதாக இருக்கும். ஹோட்டலில் முப்பது காலியாகக் கிடக்கலாம். பதினான்கு பேரில் நான்கு பேர், நான்கு ஜன்னலில் திறந்து வைத்த நீங்களேதான்.

ஜூன் 9

மறைநிலை ஜன்னலில் (பார்த்ததன் தடத்தைப் பிரவுசர் சேமிக்காத ஜன்னல்) பார்த்தால் விலை குறையுமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார்கள். இதை நம்புகிறவர்களோடு விவாதித்து நான் ஜெயித்ததில்லை. எனினும் எழுதிவைக்கிறேன். நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வந்த வித்தியாசங்களுக்கெல்லாம் வேறு காரணம் கிடைத்தது. ஒன்றில் உறுப்பினராக நுழைந்திருந்தேன், இன்னொன்றில் இல்லை. ஒன்று போன், இன்னொன்று கணினி. போனில் மட்டும் தரும் தள்ளுபடி உண்மையிலேயே இருக்கிறது. எந்த நாட்டிலிருந்து பார்க்கிறீர்கள் என்பதை வைத்தும் விலை மாறும். ஆக, நுழையாமல் பார்ப்பதைவிட நுழைந்து, போனில் பார்ப்பதே லாபம்.

2012இல் ஆர்பிட்ஸ் பற்றி வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதிய செய்தியை ஒருவர் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு விலை அதிகமான ஹோட்டல்களை மேலே காட்டினார்கள் என்பது அந்தச் செய்தி. ஒரே அறைக்கு இரண்டு விலை சொன்னார்கள் என்பதல்ல. விலை வரிசைப்படி அடுக்கச் சொன்னால் அந்த வித்தை செல்லாது.

ஜூன் 11

இது கொஞ்சம் சலிப்பான வேலை, ஆனால் எனக்கு அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது இதுதான். இலவசமாக ரத்து செய்யக்கூடிய ரேட்டில் முன்பே ஓர் அறை போட்டுவிடுங்கள். பிறகு அவ்வப்போது விலை பாருங்கள். இறங்கியிருந்தால் புதிதாகப் பதிந்து, உறுதிக் கடிதம் கைக்கு வந்தபின் பழையதை ரத்து செய்யுங்கள். வரிசை முக்கியம். பழையதை முதலில் ரத்து செய்துவிட்டுப் புதியதைப் போடப் போனால், திரும்பி வந்த அறையைச் சேர்த்து மென்பொருள் விலையை மாற்றியிருக்கும், அல்லது வேறொருவர் எடுத்திருப்பார்.

பணம் திரும்பாத ரேட் இதைவிடக் குறைவாகத் தெரியும். பயணம் உறுதி என்றால் அது சரி. ஆனால் விலை இறங்கினால் அதில் நீங்கள் மாட்டிக்கொண்டவர். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ரத்து செய்யக் கடைசி நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2017 வாக்கில் ஹில்டனும் மாரியட்டும் ரத்துக்கான கெடுவை வருகைக்கு 48 மணி நேரம் முன்னதாக நகர்த்தின. முதல் நாள் மாலை வரை ரத்து செய்யலாம் என்ற பழைய ஞாபகத்தில் இருப்பவர்கள் ஓர் இரவு வாடகையைப் பறிகொடுப்பார்கள். கெடு எந்த ஊர் நேரப்படி என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊர் நேரம்.

ஜூன் 11, இரவு

"உங்களுக்கு இதே வேலையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, எனக்கு வேறு வேலை உண்டு. கேட்டதற்கு நன்றி.

ஜூன் 14

"மலிவாகக் கண்டுபிடித்தால் ஈடு செய்வோம்" என்ற வாக்குறுதி உண்மையா? பெரிய சங்கிலிகளில் உண்மைதான். ஹில்டனில் அந்த விலைக்கு இறங்கி வந்து மேலும் 25 சதவீதம் குறைப்பார்கள். மாரியட்டில் 25 சதவீதம் அல்லது புள்ளிகள். ஆனால் அதே அறை வகை, அதே தேதி, அதே எண்ணிக்கை, அதே ரத்து நிபந்தனை, எவரும் பார்க்கக்கூடிய விலை, அவர்களிடம் பதிந்த 24 மணி நேரத்துக்குள் விண்ணப்பம் என்று எல்லாம் பொருந்த வேண்டும். மற்ற தளம் "ஸ்டாண்டர்ட் டபுள்" என்கும், ஹோட்டல் "கிளாசிக் குயின்" என்கும், இரண்டும் ஒன்றல்ல என்று பதில் வரும். எனக்கு ஒப்புக்கொண்டதும் உண்டு, மறுத்ததும் உண்டு. மறுத்தபோது வந்த கடிதம் ஒப்புக்கொண்டபோது வந்ததைவிட மரியாதையாக இருந்தது.

ஜூன் 15

மொத்தத் தொகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் காட்டும் விலையில் ஜெயித்துக் கடைசிப் பில்லில் தோற்பவர்கள் அதிகம்.

ரிசார்ட் கட்டணம், வசதிக் கட்டணம் என்று அமெரிக்க ஹோட்டல்களில் தனியாக ஒன்று சேர்ப்பார்கள். அறையில் இருக்கும் வைஃபைக்கும், நீங்கள் இறங்காத நீச்சல் குளத்துக்கும். அங்கே 2025 மே 12 முதல் கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த தொகையையே முதலில் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. கட்டணத்தை ஒழிக்கவில்லை, ஒளிக்கக் கூடாது என்கிறது, அவ்வளவுதான். மற்ற இடங்களில் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்திலேயே எடுக்கட்டுமா" என்று இயந்திரம் அன்பாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்று விகிதத்தில் அவர்கள் லாபம் வைத்திருப்பார்கள். அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்கள். நாலு நாள் கெஞ்சி வாங்கிய தள்ளுபடி அந்த ஒரு பொத்தானில் போய்விடும்.

டெபிட் கார்டைக் கவுண்டரில் நீட்டினால் முன்தொகை என்று கொஞ்சத்தைப் பிடித்துவைப்பார்கள். கிளம்பிய பிறகும் திரும்பச் சில நாளாகும். கையில் கணக்காகப் பணம் வைத்திருப்பவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளவும்.

ஜூன் 18

பெயர் தெரியாத தளத்தில் எல்லாரையும்விட 20 சதவீதம் குறைவாகக் காட்டுகிறது, நம்பலாமா என்று கேள்வி.

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஹோட்டல்கள் மொத்த வியாபாரிகளுக்கும் அறை கொடுக்கின்றன. விமான டிக்கெட்டோடு சேர்த்துத் தொகுப்பாக விற்கவென்று குறைந்த விலையில் தருவது அது. அந்த அறை கைமாறிக் கைமாறித் தனி அறையாகச் சிறிய தளங்களில் வெளிவருவது உண்டு. விலை உண்மை, ஆனால் உங்களுக்கும் ஹோட்டலுக்கும் நடுவில் மூன்று பேர் நிற்கிறார்கள். அதில் ஒருவர் தூங்கிவிட்டால் முடிந்தது. எனக்கு நடந்தது: பணம் கட்டியாயிற்று, உறுதிக் கடிதம் கையில் இருக்கிறது, கவுண்டரில் என் பெயர் இல்லை. தளத்தின் உதவி எண்ணில் பாட்டு மட்டும் கேட்டது. அங்கேயே இன்னொரு முறை பணம் கட்டி அறை எடுத்தேன். முதல் பணம் திரும்ப வருவதற்குள் பயணமே மறந்துவிட்டது.

அதிலிருந்து இப்படிச் செய்கிறேன். எந்தத் தளத்தில் போட்டாலும் இரண்டு நாள் கழித்து ஹோட்டலுக்கே அழைத்து என் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேட்பேன். தளத்தின் எண் அல்ல, ஹோட்டல் தன் கணினியில் வைத்திருக்கும் பதிவு எண்ணை வாங்கிக்கொள்வேன். அப்படி அழைக்கும்போதே "அமைதியான பக்கம் ஓர் அறை கிடைத்தால் நல்லது" என்று சொல்லி வைக்கலாம்.

தளத்திடம் முழுப் பணமும் கட்டிய பதிவில் ஹோட்டல் கவுண்டரில் பேரம் பேசாதீர்கள். பணம் தளத்திடம் இருக்கிறது. தேதி மாற்றக்கூட அவர்கள் தளத்தைத்தான் கை காட்டுவார்கள்.

ஜூன் 19

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். கடைசி நேர மலிவு என்பதை ரொம்பவும் ஒதுக்கிவிட்டேன் என்று இரண்டு பேர் குறைப்பட்டிருக்கிறார்கள். நியாயம்தான். கடைசி நேரத்தில் விலை இறக்கும் ஹோட்டல்கள் இருக்கின்றன, அதை வாசலில் செய்ய மாட்டார்கள். ஹோட்டல் டுநைட் என்ற ஆப் இதற்காகவே வந்தது, 2019இல் ஏர்பிஎன்பி வாங்கிக்கொண்டது. பெயரைச் சொல்லாமல் நட்சத்திரத்தையும் பகுதியையும் மட்டும் காட்டி விற்கும் முறையும் உண்டு. பிரைஸ்லைனும் ஹாட்வயரும் அப்படி விற்கின்றன. பணம் கட்டிய பிறகே எந்த ஹோட்டல் என்று தெரியும். பொது விலையைக் கெடுத்துக்கொள்ளாமல் சத்தமில்லாமல் தள்ளிவிட ஹோட்டலுக்கு அது வசதி.

தனி ஆள், ஓர் இரவு, எங்கே படுத்தாலும் சரி என்பவருக்கு அது நல்ல வழி. திருமணத்துக்குப் போகும் குடும்பத்துக்கு அல்ல. ஊரில் ஏதாவது மாநாடு, திருவிழா, தேர்வு என்று கூட்டம் சேர்ந்தால் கடைசி நாளில் விலை இறங்காது, ஏறும்.

ஜூன் 21

ரிசப்ஷனில் வேலை பார்த்த ஒருவர் நான் சொன்னதில் ஒன்றைத் திருத்துகிறார். பிற்பகலைவிட இரவு பதினொன்றுக்கு மேல் அழைப்பதே நல்லது, அன்றைய கணக்கை முடிக்கும் ஆளுக்கு மறுநாள் எத்தனை அறை காலி என்று துல்லியமாகத் தெரியும், பேசவும் நேரம் இருக்கும் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன், நாளைக்கோ மறுநாளுக்கோ அறை தேடுகிறவர்களுக்கு. அடுத்த மாதத்துக்கு என்றால் பகலில் இருக்கும் ரிசர்வேஷன் ஆள்தான்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்திருந்தது. ஹோட்டல்களும் வராமல் போகிறவர்களைக் கணக்கிட்டு இருப்பதைவிடக் கூடுதலாக அறை விற்கும். எல்லாரும் வந்துவிட்டால் யாரையாவது வேறு ஹோட்டலுக்கு அனுப்ப வேண்டும். அப்போது பட்டியலில் முதலில் கண் போவது ஓர் இரவு மட்டும் தங்குகிறவர், மலிவான தளம் வழியாக வந்தவர், இரவு தாமதமாக வந்து சேர்கிறவர் பக்கம். நேரடியாகப் பதிந்த உறுப்பினரை அனுப்பக் கை வராது. தாமதமாக வருவீர்கள் என்றால் முன்பே அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

ஜூன் 24

நிறுவனத் தள்ளுபடிக் குறியீடு ஒன்று இணையத்தில் கிடைத்தது, போடலாமா? போட்டால் விலை இறங்கும். கவுண்டரில் அடையாள அட்டை கேட்டால் முழு ரேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள், பின்னால் வரிசையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். உங்கள் அலுவலகத்துக்கே அப்படி ஒரு குறியீடு இருக்கலாம், அதைக் கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரிவதே இல்லை.

உறவுக் கூட்டத்தோடு போகிறவர்கள்: பத்து அறைக்கு மேல் என்றால் பெரும்பாலான ஹோட்டல்களில் குழு விலை தனி, விற்பனைப் பிரிவோடு பேச வேண்டும். இரண்டு மூன்று அறை என்றால் ஒவ்வொரு அறையாகத் தேடிப் பாருங்கள். மலிவான ரேட்டில் ஒரே அறை மீதமிருந்தால், மூன்றாகத் தேடும்போது அது கண்ணில் படாமல் போகலாம்.

அதேபோல ஐந்து இரவில் நடுவில் ஓர் இரவு மட்டும் விலை எகிறியிருந்தால் பிரித்துப் போட்டுப் பாருங்கள். பதிவு இரண்டாக இருந்தாலும் ஒரே அறையில் வைக்கச் சொல்லிக் கேட்டால் செய்து தருகிறார்கள்.

ஜூலை 1

மூன்று வாரம் ஒரே ஊரில் தங்க வேண்டும் என்று எழுதியவருக்கு. தளத்தைத் திறக்கவே வேண்டாம். மூன்று ஹோட்டலுக்கு ஒரே கடிதம் அனுப்புங்கள்: தேதி, எத்தனை பேர், தினமும் அறை துடைக்கத் தேவையில்லை, வாரம் இரண்டு முறை துணி மாற்றினால் போதும், முன்பணம் தரத் தயார். அவர்களுக்குச் செலவு குறையும் இடத்தை நீங்களே காட்டிக்கொடுத்தால் விலையை அவர்களே இறக்கி எழுதுவார்கள். மூன்று பதிலும் வந்தபின், உங்களுக்குப் பிடித்த ஹோட்டலுக்கு மற்ற இரண்டு விலையையும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் வாரத்துக்கு மட்டும் உறுதி செய்யுங்கள், மீதியை அதே விலையில் நீட்டிக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். அறைக்குப் பக்கத்தில் லிஃப்ட் இரைச்சல் எப்படி என்று முதல் ராத்திரிதான் தெரியும்.